செவ்வாய்க்கிழமைக் கூடை

அந்தக் கல்லூரியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் வாசல் கோபுரத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். பிள்ளையில்லாத ஒரு சோப்பு வியாபாரி செத்துப்போனது, அவர் விட்டுப்போன சொத்தில் பல்கலைக்கழகம் இந்த விடுதிக் கல்லூரியைக் கட்டியது, யுத்த காலத்தில் இரண்டு வருஷம் அது ஆஸ்பத்திரியாக இருந்தது, பிறகு பெண்களையும் சேர்த்துக்கொண்டது எல்லாம் வரிசையாக வரும். குப்பையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இருக்காது. நூறு வருஷமாக அங்கே ஆட்கள் தின்று, தூங்கி, படித்து, எழுதியதைக் கிழித்துப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அதையெல்லாம் யார் அள்ளினார்களாம்?

மூன்றாம் படிக்கட்டில் இருபத்தாறு வருஷமாக அள்ளியவள் படிக்கட்டு அக்கா. அவளுடைய பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது, யார் வாயிலும் வந்ததில்லை. கல்லூரியில் மொத்தம் ஏழு படிக்கட்டுகள். நீள வராந்தா கிடையாது. ஒவ்வொரு படிக்கட்டும் தனி வீடு மாதிரி, மாடிக்கு நான்காகப் பன்னிரண்டு அறைகள். அந்தப் பன்னிரண்டு பேரில் யாருக்குப் பரீட்சை நெருங்குகிறது, யாருக்குக் காதல் முறிந்தது, யார் ஒரு வாரமாக வெறும் பிஸ்கட்டில் காலம் தள்ளுகிறார் என்பதெல்லாம் அக்காவுக்குக் கூடையைப் பார்த்தாலே தெரியும். தெரிந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள். "குப்பை அள்ளுறவ வாயைத் திறந்தா நாறிப்போயிடும்" என்பாள்.

கூடைக்கு ஒரு நடைமுறை உண்டு. காலை எட்டு மணிக்குக் கூடைகளைக் காலி செய்து, கதவோரம் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். அறைக்காரர் அதை உள்ளே எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை நிமிர்த்தி வெளியே வைக்கவேண்டும். நிமிர்ந்த கூடை என்றால் ஆள் நன்றாக இருக்கிறார், தட்டக்கூடாது. கவிழ்ந்தபடியே கிடந்தால் தட்டலாம். இரண்டு நாள் கிடந்தால் பொதுச்சாவி போட்டுத் திறக்கலாம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சட்டம், ஆனால் ஏழு படிக்கட்டிலும் செல்லுபடியானது.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பத்து மணிவரை தூங்குகிறவர்கள் அக்காவின் தட்டலுக்குப் பயந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். மாடியில் யார் முதலில் எழுந்தாலும் கவிழ்ந்திருக்கிற கூடைகளை எல்லாம் நிமிர்த்திவிடுவது. இது அக்காவுக்கும் தெரியும். தூங்குகிற வயசு, தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவள் மாட்டிக்கொண்டது போன வருஷம். கீழ்மாடியில் சட்டம் படித்த ஒருவனின் கூடை இரண்டு நாள் கவிழ்ந்தே கிடக்க, முறைப்படி கதவைத் திறந்தாள். உள்ளே அவனோடு ஒரு பெண்ணும் இருந்தாள். அவமானப்பட்டவன் அப்பாவிடம் வேறு கதை சொன்னான், அப்பா நாலு பக்கத்துக்குப் புகார் எழுதினார். வார்டன் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டு, அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மரியாதையாகத்தான் பேசினார். "இனிமே ஆபீஸ்ல சீட்டு வாங்காம எந்தக் கதவையும் தொடாதீங்கம்மா. இன்னொரு புகார் வந்தா என்னால உங்களைக் காப்பாத்த முடியாது." வேலை போனால், சலவைக்கூடத்துக்குப் பின்னால் கல்லூரி கொடுத்திருந்த இரண்டு அறை வீடும் போகும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் மாடியில் மண்ணியல் படிக்கும் ஒரு நெட்டைப் பையன். போகிற இடமெல்லாம் கல் பொறுக்கி வந்து உடைத்துப் பார்ப்பான், சில்லுகளைக் கூடையில் கொட்டுவான். "கல்லுத் தம்பி, என் இடுப்பை ஒடிக்கவே பிறந்தியா?" என்று அக்கா கேட்பாள். அவன் ஓடிவந்து கூடையைத் தானே படிக்கட்டு முனைவரை தூக்கி வருவான். ஒரு நாள்கூட அவனுடைய கூடை லேசாக இருந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அது நிமிர்ந்து நின்றது. தூக்கினாள். காற்று. ஒரு காகிதத் துண்டுகூட இல்லை. எதிர் அறையில் வயலின் என்ற பெயரில் எல்லோர் உயிரையும் வாங்குகிறவன்தான் வழக்கம்போல நிமிர்த்தி வைத்திருக்கிறான் என்பது பார்த்தவுடனேயே புரிந்துவிட்டது. அப்படியென்றால் கல்லுத் தம்பி நேற்றிலிருந்து கதவைத் திறக்கவில்லை. தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். வார்டனின் குரல் காதில் கேட்டது. கூடை நிமிர்ந்துதானே இருக்கிறது, நமக்கு எதற்கு வம்பு என்று கையை இறக்கிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனாள். அன்று முழுக்க அவளுக்கு மனசு சரியில்லை. சீட்டுக் கேட்டு ஆபீசுக்குப் போகலாம் என்று இரண்டு தடவை கிளம்பி இரண்டு தடவையும் திரும்பிவிட்டாள்.

புதன்கிழமையும் கூடை காலி. சீட்டாவது கீட்டாவது என்று சாவியைப் போட்டாள். பையன் கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவில் கிடந்தான். உடம்பு கொதித்தது, கழுத்து கட்டையாக நின்றது, கூப்பிட்டால் முனகல்கூட இல்லை. வயலின்காரனைக் கத்திக் கூப்பிட்டு ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி இறக்கினார்கள்.

மூளைக்காய்ச்சல். பிழைத்துக்கொண்டான். இடது காது மட்டும் போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வார்டனிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்ற அக்கா தன் காதாலேயே கேட்டாள். "ஒரு நாள் முன்னாடி கொண்டு வந்திருந்தா காது தப்பிச்சிருக்கும்."

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வார்டன் பழைய எச்சரிக்கைக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துக் கிழித்தார். பையனின் அம்மா வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க எனக்குக் கூடப்பிறந்த அக்கா மாதிரி" என்று அழுதாள். அக்காவும் அழுதாள். ஆனால் செவ்வாய்க்கிழமையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் நூற்றாண்டு மலர் வேறு. ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் அதைத் தொகுத்துக்கொண்டிருந்தார். கல்லூரியே அவரை மலர் சார் என்றுதான் கூப்பிட்டது. அக்காவின் படத்தோடு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டார்.

"என் படமெல்லாம் வேண்டாம் சார். அதுக்கு நான் லாயக்கில்ல."

"கூச்சப்படாதீங்கம்மா" என்று சொல்லி, அவர் அந்தப் பக்கத்தில் 'தன்னடக்கமே உருவானவர்' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். படித்தவர்களிடம் உண்மையைச் சொல்வது அத்தனை சுலபமில்லை.

குழாய் வேலை பார்க்கும் அவளுடைய வீட்டுக்காரருக்கு மட்டும் முழுக்கதையும் தெரியும். "கதவைத் திறந்தது நீதானே? அது பொய்யா?" என்றார்.

"பொய் இல்லைங்க. பாதி."

"மீதிப் பாதியைச் சொல்லி என்ன ஆகப்போகுது? போன காது வரப்போகுதா? உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்காத. பேசாம இரு."

பேசாமல்தான் இருந்தாள், ஏழு வாரம். யாராவது பாராட்டினால் எரிச்சல் வந்தது. எட்டாவது வாரம் கல்லுத் தம்பி திரும்பி வந்தான். மறுநாள் மலர் அச்சுக்குப் போகிறது. அந்தப் பையனுக்கு உண்மை தெரியாமல் தன் படம் அதில் வரக்கூடாது என்று அக்கா முடிவு செய்தாள். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

மத்தியானம் மாடி ஏறினாள். அவன் ஜன்னலோர மேஜையில் கற்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். பாதி உடம்பாக இளைத்திருந்தான். அக்கா மேஜைக்கு இந்தப் பக்கம், அவனுடைய இடப்புறத்தில், தரையைப் பார்த்தபடி நின்று, முணுமுணுப்பாக ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். செவ்வாய்க்கிழமை கூடை காலியாக இருந்தது, கை தூக்கியது, பயந்து இறக்கியது, டாக்டர் சொன்னது, எதையும் விடவில்லை.

அவன் தலை நிமிரவில்லை, ஒரு கல்லை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்தான். இந்தக் கோபம் நியாயம்தான் என்று அவள் நினைத்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், இப்படிப் பேசாமல் இருந்தால் என்ன செய்வது?

அப்போதுதான் ஓரக்கண்ணில் அவள் புடவை பட்டு அவன் திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, அக்கா! எப்ப வந்தீங்க? ஏதாவது சொன்னீங்களா? இந்தப் பக்கம் எனக்குச் சுத்தமாக் கேக்காது. இப்படி வந்து உக்காந்து சொல்லுங்க."

வலப்பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

சாப்பிட்டியா என்று கேட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். அவனுக்குத் தெரியப்போவதில்லை. யாருக்குமே தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு அவளுக்கு வந்தது, வரவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

அக்கா மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். உட்காரவில்லை.

"செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும் தம்பி" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.