அக்கா சொன்ன முடிவுகள்

நெல்லித்தோப்பில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது என் வேலை. காத்திருக்கிறவர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பது நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. பக்கம் முழுக்க யானை இருந்தால் சின்னதுகள் ஊசியை மறந்துவிடும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு யாராவது வீட்டை விட்டு ஓடிப்போகிற கதை வேண்டும். அம்மாக்களுக்குச் சிறுகதை, உள்ளே கூப்பிடுவதற்குள் ஒன்றாவது முடிந்துவிடும். அப்பாக்கள் போனை விட மாட்டார்கள். இருந்தாலும் கடல் பயணம், பாம்பு பிடிக்கிறது என்று எதையாவது பக்கத்து நாற்காலியில் போட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் கை தானாக அங்கே போகும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அதனாலேயே, நானே முழுதாகப் படிக்காத எதையும் யார் கையிலும் கொடுப்பதில்லை. உள்ளே ஏதாவது ஏடாகூடமாக இருந்து, 'இதையா என் புள்ளைக்குக் குடுத்தே' என்று யாராவது வந்து நின்றுவிட்டால்? கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற ரகம் நான். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி இழுத்துப் பார்ப்பேன்.

புத்தகங்களெல்லாம் அக்கா கொடுப்பவை. சொந்த அக்கா இல்லை, தெருக்காரி. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பழைய புத்தகம் விற்கிறாள். எனக்கென்று தனியாக ஒரு கட்டு எடுத்து வைப்பாள். நான் படித்து முடித்ததும் அது கிளினிக் அலமாரிக்குப் போகும். சிலதில் நடுவில் சில பக்கங்கள் இருக்காது.

“பழைய புக்குன்னா அப்படித்தான்டி. எந்த வூட்டு எலி தின்னுச்சோ” என்பாள். பிறகு அந்தப் பக்கங்களில் என்ன நடந்தது என்று அவளே சொல்லுவாள். கட்டின் மேல் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி, பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி சொல்லுவாள். அதைத்தான் நான் கிளினிக்கில் சொல்லுவேன். இந்த இடத்தில் பக்கம் இல்லை, ஆனால் இப்படி ஆகிறது, பயப்படாமல் படியுங்கள் என்று.

லாஸ்பேட்டையிலிருந்து அம்மாவின் ஸ்கூட்டரில் ஒரு பெண் வருவாள். பத்து வயது இருக்கும். மூச்சிரைப்பு. முகத்தில் மருந்துப் புகை போகிற மாஸ்கை மாட்டிக்கொண்டே படிப்பாள். அவளுக்கு ஒரு கதை கொடுத்திருந்தேன். அண்ணன் படகெடுத்துக் கடலுக்குப் போகிறான், புயல் வருகிறது, தங்கை கரையில் காத்திருக்கிறாள். அங்கே பக்கங்கள் இல்லை. கடைசிப் பக்கத்தில் தங்கை பெரியவளாகி ஒரு படகுக்குப் பெயின்ட் அடிக்கிறாள்.

“அண்ணன் என்ன ஆனான் ஆன்ட்டி?”

அக்கா சொன்னதைச் சொன்னேன். வேற ஊரில் கரை ஒதுங்கினான். கையில் காசில்லை. ஈரச் சட்டையோடு பஸ் ஏறி, கண்டக்டர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி ஊர் வந்து சேர்ந்தான். கண்டக்டர் “சீட்டுல உக்காராத, நனைஞ்சிடும்” என்று திட்டிக்கொண்டே வந்தான் என்றதும் அந்தப் பெண் மாஸ்குக்குள்ளேயே சிரித்தாள். கண்ணாடி மாதிரி இருந்த மாஸ்க் முழுக்கப் புகை.

அடுத்த முறை வந்தபோது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாதான் மேசைக்கு வந்தார்.

“இவ பொறந்த நாளுக்கு அதே புக்கு புதுசா வாங்கிக் குடுத்தேங்க. அதுல அந்தப் பையன் செத்துப்போறான். இவ சரியாவே சாப்பிடல.”

“வேற கதையா இருக்கப் போவுதுங்க” என்றேன்.

அவர் பையிலிருந்து எடுத்து வைத்தார். அதே அட்டை. நின்றுகொண்டே படித்தேன். பையன் வரவில்லை. அவன் சட்டை மட்டும் வந்தது.

“கண்டக்டரே இல்ல அதுல” என்றாள் அந்தப் பெண், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவள் சொன்னது அவ்வளவுதான். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், பிள்ளைகளை அடக்குவதற்கே அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கும். அலமாரியிலிருந்து எங்கள் பிரதியை எடுத்து நடுவில் விரித்தேன். தையலை ஒட்டித் தாள்களின் விளிம்பு மட்டும் நின்றது. நேராக, சுத்தமாக. எலி அப்படித் தின்னாது.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அக்காவின் முன்னால் அந்தப் புத்தகத்தைப் போட்டேன்.

“கிழிச்சியாக்கா?”

“கிழிக்கலடி, பிளேடுல நறுக்குனேன். கிழிச்சா தெரிஞ்சிடும்ல?” அவள் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்துத்தான் நிறுத்தினாள். “இன்னாடி இப்போ? ஒரு கதையில நாய் செத்துச்சுன்னு சோறு திங்காம கெடந்தவதான நீ? உன் வூட்டுக்காரர் வந்து என்கிட்ட சண்டை போட்டாரு, மறந்துட்டியா?”

“அதுக்கு?”

“அதுக்கு, உனக்கு ஆவாததை எடுத்துட்டுக் குடுத்தேன். மீன்ல முள்ளு எடுக்கறதில்ல? அதுமில்லாம நோவு வந்த புள்ளைங்க வர்ற எடம் அது. அங்க சாவு கதையெல்லாம் வெப்பியா நீ?”

“எத்தனை புக்குலக்கா?”

“அதெல்லாம் யாரு கணக்கு வெச்சா?” பக்கத்தில் ஒருவர் சமையல் புத்தகத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். “கொறைக்கவே முடியாது சார்” என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “நான் சொன்ன முடிவெல்லாம் உனக்குப் புடிச்சிருந்துச்சா இல்லியா?”

பிடித்திருந்தது. புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு கிளினிக் அலமாரியை மொத்தமாகக் கீழே இறக்கினேன். சில புத்தகங்களில் பக்கம் நிஜமாகவே பழசாகி உதிர்ந்திருந்தது, சிலதில் பிளேடு. எதுவென்றே தெரியாதபடி தையலோரத்தில் அழகாகப் பின் அடித்து மூடியதும் இருந்தது. நான் உருகி உருகி ஊருக்கெல்லாம் சொன்ன முடிவுகளில் எது எழுதினவருடையது, எது அக்காவுடையது என்று எனக்குத் தெரியவில்லை. என்னால் தாங்க முடியாது என்று அவள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். அதை என்னிடம் சொல்லவில்லை. நாய்க்காகச் சோறு தின்னாதவள்தான் நான். ஆனால் அந்த நாயை நான் மறக்கவும் இல்லை. நான் எதற்கு அழ வேண்டும் என்பதையும் அவளே முடிவு செய்தாள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அக்கா போன் செய்தாள், நான் எடுக்கவில்லை. கட்டு ஒன்றை யாரிடமோ கொடுத்தனுப்பினாள். பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். இப்போது அலமாரியில் கொஞ்சம்தான் இருக்கிறது, எல்லாம் கடையில் புதிதாக வாங்கியது. வாங்கியதும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எண்களைச் சரிபார்க்கிறேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

லாஸ்பேட்டைப் பெண் மழை நாளில் மறுபடி வந்தாள். இழுப்பு அதிகமாக இருந்தது. மருந்து வைத்து முடியட்டும் என்று காத்திருந்து, பாழடைந்த கலங்கரை விளக்கத்தில் இரண்டு பிள்ளைகள் மாட்டிக்கொள்கிற கதையை நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

“இதுல பக்கமெல்லாம் இருக்குதா?”

“இருக்குது பாப்பா.”

“யாராச்சும் செத்துடுவாங்களா?”

இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த நிமிஷத்துச் சங்கடம் தீர்ந்துவிடும். அக்காவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே எனக்குப் பிடிக்கவில்லை.

“ஒருத்தர் சாவாரு” என்றேன். “கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி. படிக்கறப்போ நானும் அழுதேன்.”

அவள் புத்தகத்தை வாங்கி, திறக்காமல், பக்கத்திலிருந்த அம்மாவின் மடியில் வைத்தாள்.

“நீ மொதல்ல படிச்சுட்டுச் சொல்லும்மா” என்றாள். “அவங்க சொன்னது நெஜமான்னு.”