அம்மாக்கண்ணுவின் சவரக் காசு

1957 பெப்ரவரி ஒன்பதாம் திகதி, சனிக்கிழமை. இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே உள்ள சின்னமலைத் தோட்டத்தில் அன்று சம்பள நாள். ஆபீஸ் வாசலில் மேசையைப் போட்டு உட்கார்ந்து, பெரிய கிளாக்கர் நல்லமுத்து பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார். வரிசை தேயிலைத் தொழிற்சாலை வரை நீண்டிருந்தது. அதில் நின்றவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். நடுவில் ஒரு மஞ்சள் சேலை. அதுதான் பத்தொன்பது வயது அம்மாக்கண்ணு. வாழ்க்கையின் முதல் சம்பளத்துக்காக நின்றாள்.

சின்னமலையில் கொழுந்து பறிப்பது பெண்கள், அதற்குச் சம்பளம் வாங்குவது ஆண்கள். கல்யாணமானவளுக்குப் புருஷன் வாங்குவான், ஆகாதவளுக்கு அப்பா. யாரும் போட்ட சட்டமல்ல, வழக்கம். அம்மாக்கண்ணுவின் அப்பா அழகன் மழையில் தண்ணீர் ஓடும் கானுக்குள் வழுக்கி விழுந்து, வீங்கிய காலோடு லயத்து வீட்டில் படுத்திருந்தார். அம்மா மீனம்மாவுக்குக் கூட்டத்தைக் கண்டாலே கூச்சம். அதனால்தான் மகள் வந்தாள்.

அவளுக்குக் கிடைத்திருந்த வேலை சாதாரணமானதல்ல. மலையேறாத வேலை. தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பால் காய்ச்ச வேண்டும், தூளி ஆட்ட வேண்டும், அழுகிறவனுக்கும் அடிக்கிறவனுக்கும் நடுவே போய் நிற்க வேண்டும். ஐந்து வருஷம் அந்த வேலையைப் பார்த்த வீரம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் தை மாதம் அம்மாக்கண்ணுவின் பெயரைப் பதிந்தார்கள். சிறு வயதிலிருந்தே காலில் ஏறும் அட்டைக்கு நடுங்குகிறவள் அவள். பச்சைத் தேயிலைக்குள் இறங்காமல் பிழைக்க ஒரு வழி கிடைத்ததே என்று மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்திருந்தாள்.

நல்லமுத்து படிக்கிற வேகம் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். ஹட்டனிலிருந்து இறக்கத்தில் போகும் சரக்கு ரயில் போல, இடையில் எங்கேயும் நிற்காது. அம்மாக்கண்ணுவின் பெயரையும் அப்படித்தான் படித்தார். பிள்ளை மடுவம் என்றார், பிடித்த அரிசிக் காசு, டோபி காசு, சவரக் காசு, கோயில் காசு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, மிச்சத்தை மேசையில் வைத்தார்.

அம்மாக்கண்ணு காசை எடுக்கவில்லை.

"ஐயா, சவரம் யாருக்குங்க?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பனுக்காக இருக்கும் என்றான் ஒருவன். அப்பனுக்கு அவர் சம்பளத்திலேயே பிடித்தாயிற்று என்று அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். இன்னொருவன், மடுவத்துப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டி அவளுக்கும் மீசை முளைத்திருக்கும் என்றான். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது.

நல்லமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, இன்னும் பாதித் தோட்டம் பாக்கி. எழுதியிருப்பதைத்தான் படிக்கிறேன் என்றார். இதற்கு முன் இருந்த வீரம்மாவுக்கும் இதே பிடிப்புத்தான், அவள் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை என்றார். பிறகு, தலையைத் தூக்காமலே ஒன்று சொன்னார்.

"மடுவத்துச் சம்பளம் ஒத்துவரலேன்னா சொல்லு புள்ள. நாளன்னைக்குக் காலைப் பெரட்டுல வேலை பிரிக்கும்போது உன்னைக் கொழுந்துக்குப் போட்டுர்றேன்."

அம்மாக்கண்ணு காசை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

லயத்தில் மீனம்மா மகளைப் பிடித்துக்கொண்டாள். தானாகத் தேடி வந்த வேலையைச் சில்லறைக்காகத் தொலைக்காதே, கிளாக்கர் ஐயாவிடம் மறுபடி போய் நிற்காதே என்று கோயிலைக் காட்டிச் சத்தியம் வாங்கினாள். அழகன் படுத்தபடியே, பிடித்தது பிடித்ததுதான், சும்மா விடு என்றார்.

ஆபீசுக்குப் போவதில்லை என்றுதானே சத்தியம். முடி வெட்டுகிறவரிடம் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்துக் கல்லில் ஆண்டியப்பன் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்து ஆண்கள் எல்லோருடைய தலையும் தாடையும் அவர் பொறுப்பு. யாரும் அவர் கையில் காசு கொடுப்பதில்லை. தோட்டம் மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று சம்பளத்தில் பிடித்து, மொத்தமாக அவரிடம் கொடுத்துவிடும்.

கூட்டம் கலையும் வரை காத்திருந்து அம்மாக்கண்ணு விஷயத்தைச் சொன்னாள். ஆண்டியப்பன் கத்தியை மடக்கினார்.

"அப்ப உன் காசும் என் மடியிலதான் இருக்கு. இந்தா, எடுத்துக்க தாயி."

"இந்த மாசம் நீங்க குடுத்துருவீங்க மாமா. அடுத்த மாசம் மறுபடி பிடிப்பாங்களே."

"அதுக்கு நான் என்ன செய்ய? உனக்கு முடி வெட்டினா, உங்கப்பன் நொண்டிக்கிட்டே வந்து என் கழுத்தை வெட்டுவாரு."

"எனக்கு வேணாம். வேலையை வேற தலைக்குச் செஞ்சு குடுங்க."

அவள் கேட்டது இதுதான். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் முண்டியடிப்பதில் சின்னப் பிள்ளைகளின் முறை வருவதே இல்லை. மடுவத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு முடி கண்ணை மறைத்தது. பேன் ஒரு தூளியிலிருந்து இன்னொரு தூளிக்குக் குடும்பத்தோடு குடிபோனது. மருந்துக்கார ஐயா வந்து பார்த்து அவளைத்தான் ஏசிவிட்டுப் போயிருந்தார். தன் பெயரில் பிடித்த காசுக்கு ஆண்டியப்பன் ஒரு நாள் மடுவத்துக்கு வர வேண்டும்.

ஆண்டியப்பனுக்குக் கணக்குச் சரியாகப் பட்டது. வேலை செய்யாமல் வாங்கிய காசு மடியில் கிடந்தால் அன்றிரவு அவருக்குத் தூக்கம் வராது.

செவ்வாய்க்கிழமை காலை அவர் மடுவத்துக்கு வந்தார். அம்மாக்கண்ணு முதலில் செய்த காரியம், பிறந்ததிலிருந்து கத்தி படாத பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து வைத்தது. அவை கோயிலுக்கு நேர்ந்த முடி. அதில் கை வைத்தால் கிளாக்கர் மன்னித்தாலும் தாய்மார் மன்னிக்க மாட்டார்கள். மற்றப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மடியில் இறுக்கிக்கொண்டாள். ஒருவன் அழுதால் எல்லோரும் அழுதார்கள். ஒருவனுக்கு வெட்டி முடிந்ததும் மற்றவர்கள் அழுகையை மறந்து அவன் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தார்கள்.

கொழுந்து நிறுத்துவிட்டுப் பால் கொடுக்க ஓடிவந்த தாய்மார் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒருத்தி தன் பிள்ளை என்று நினைத்து அடுத்தவள் பிள்ளையைத் தூக்கி, அது வீறிட்டதும் இறக்கிவிட்டாள். யார் காசு என்று கேட்டவர்களிடம் அம்மாக்கண்ணு தன் காசு என்றாள். ஏன் என்று கேட்டவர்களிடம் அதையும் சொன்னாள். அவர்கள் சிரித்த சிரிப்பு மேல் மலைவரை கேட்டது. கேட்டு இறங்கி வந்தவர் கண்டாக்கு சின்னராசா.

மலை வேலையை மேற்பார்ப்பவர் அவர். வேலை நாளில் முடி வெட்டச் சொன்னது யார் என்று கேட்டார். அம்மாக்கண்ணு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் ஒரு மொட்டைத் தலையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, ஆபீசுக்கு வா என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தார்.

அந்தப் பாதையின் இரண்டு பக்கமும் தேயிலைதான். நாளை எந்த மலையில் நிற்கப்போகிறோமோ என்று பார்த்துக்கொண்டே அம்மாக்கண்ணு நடந்தாள். அம்மாவுக்குச் செய்த சத்தியம் வேறு உறுத்தியது. ஆனால், தானாகவா போகிறாள், கண்டாக்கு அல்லவா கூப்பிட்டார்.

சின்னராசா சொல்லி முடித்ததும் நல்லமுத்து பழைய பேச்சையே பிடித்தார். வீரம்மா ஐந்து வருஷம் ஒன்றும் கேட்கவில்லையே, உனக்கு மட்டும் என்ன வந்தது என்றார்.

"அவங்க எங்கங்கய்யா கேட்டாங்க, சம்பளம் வாங்கினது அவங்க வீட்டுக்காரரு வீரய்யா மாமா. நீங்க சவரம்னு படிச்சிருப்பீங்க, அவரு தாடையைத் தடவிக்கிட்டுத் தலையாட்டியிருப்பாரு."

முதலில் சிரித்தது சின்னராசா. நல்லமுத்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வீரய்யா அந்த மேசைக்கு முன் தாடையைத் தடவிக்கொண்டு நிற்பதை அவர் ஐந்து வருஷமாகப் பார்த்திருக்கிறார்.

விஷயம் அதற்குப் பிறகு எளிதாக விளங்கியது. சம்பளப் பேரேட்டில் கொழுந்துப் பெண்களின் பெயர்கள் ஒரு பக்கம். காவல்காரர், மாட்டுக்காரர், தோட்டி, பங்களாத் தோட்டக்காரர் எல்லாம் சில்லறை வேலை என்று வேறொரு பக்கம். மடுவத்து வேலையும் சில்லறை வேலைதான் என்று எப்போதோ யாரோ அங்கே சேர்த்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் எல்லோரும் ஆண்கள் என்பதால் எல்லோருக்கும் சவரம். அதற்குள் ஒரு பெண் பெயர் இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. பணத்தை வாங்க ஒரு பெண் முகம் வந்து நின்றிருந்தால் கவனித்திருப்பார்கள்.

நல்லமுத்து பேனாவை எடுத்து அவள் பெயரைப் பெண்கள் பக்கத்துக்கு மாற்றினார். மடுவத்து வேலை யாருக்கு என்று சின்னராசா வேண்டுமென்றே கேட்டார். "இவளை மலைக்கு அனுப்பினா அட்டைக்கும் சேர்த்துக் கணக்குக் கேப்பா. அங்கேயே இருக்கட்டும்" என்றார் கிளாக்கர்.

அடுத்த சம்பள நாளில் அம்மாக்கண்ணுவின் பெயர் வந்ததும் சரக்கு ரயில் ஒரு கணம் நின்றது. சவரம் இல்லை என்று நல்லமுத்து நிறுத்திச் சொன்னார். வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அவளுக்குப் பின்னால் வீரம்மா நின்றிருந்தாள், மங்கிய கண்ணோடு, வீரய்யாவை லயத்திலேயே உட்காரவைத்துவிட்டு. ஐந்து வருஷமும் பெண்டாட்டியின் தாடிக்கும் சேர்த்துத் தலையாட்டிய மனுஷனிடம், தோட்டம் திருப்பித் தரும் பழைய சவரக் காசைக் கொடுக்க முடியாது என்பது அவள் கட்சி. முழுவதும் கிடைக்கவில்லை. ஒரு வருஷக் காசு கிடைத்தது. அதைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு போனாள்.

ஆண்டியப்பனுக்கு அந்த மாதம் ஒரு தலை குறைந்தது. அதற்காக அவர் ஆபீசில் போய் முறையிடவில்லை. மருந்துக்கார ஐயாதான் போய்ச் சொன்னார், மடுவத்தில் பேன் ஒழிந்ததென்று. பங்குனியிலிருந்து, மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஆண்டியப்பன் பிள்ளை மடுவத்துக்குப் போனார். அந்தக் கூலியைத் தோட்டம் கொடுத்தது.