பெரிய தெருவில் ஒரு கதவு

வந்திருந்தவர்கள்: தலைவர் கோவிந்தராசு அண்ணன், மாதர் பிரிவு மாரியம்மாள் அக்கா, அவரோடு நடவுக்கும் அறுப்புக்கும் போகிற பெண்கள், கேரம் போர்டை விட்டு எழுந்திருக்க மனமில்லாத இளைஞர்கள், கூத்தாநல்லூரிலிருந்து மைக் செட் காஜா பாய், செயலாளர் என்ற முறையில் நான்.

வராதவர்: செல்வராசு.

ஒருத்தர்தானே வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் மன்றத்தின் பெரிய டிரம்மை அடிக்கிறவர் அவர்தான். போன பொங்கலுக்குப் பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். ஏன் போனார்? அதைச் சொன்னால் போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எங்களுக்கு என்ன பிரச்சினை என்பதும் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு நான் வேலை பார்க்கும் மயிலாடுதுறையில் ரயில் ஏறி, நீடாமங்கலத்தில் இறங்கி, பஸ் பிடித்து ஊருக்குப் போவது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போவதாக அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் நான் போவது மன்றத்துக்கு. ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு ரேடியோ, ஒரு தினசரி, ஒரு கேரம் போர்டு... அவ்வளவுதான் மன்றம். என்னைச் செயலாளர் ஆக்கியதற்குக் காரணம் என் திறமை அல்ல. எங்கள் தெருவில் மனு எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன். எங்கள் குடும்பத்திலேயே, ரேகை வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் கை என்னுடையது.

கூட்டத்தில் பொங்கல் நிகழ்ச்சிகள் மளமளவென்று முடிவாகின. பொங்கலன்று கோலப் போட்டி — சரி. மாட்டுப் பொங்கலன்று மெதுவாக சைக்கிள் ஓட்டும் பந்தயம், உறியடி — சரி. பெண்களுக்கு மியூசிக்கல் சேர். நாற்காலிக்கு எங்கே போவது? வேண்டாம், சாக்கைப் போட்டு உட்காரச் சொல்லலாம் — சரி. பரிசு எவர்சில்வர் டம்ளர் — எல்லோருக்கும் சரி.

"அடுத்தது... காணும் பொங்கல் ஊர்வலம்," என்று படித்தேன். "எந்த வழியா?"

கேரம் காய்களின் சத்தம்கூட நின்றுவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு வாய்க்கால். வாய்க்காலில் ஒரு மதகு. மதகைத் தாண்டினால் பெரிய தெரு — மிராசுதார்கள் தெரு. மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் ஊர்வலம் கொட்டகையில் புறப்படும், மதகு வரை போகும், திரும்பிவிடும். 'இதோடு திரும்பவும்' என்று யாரும் போர்டு மாட்டி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் அழிக்கலாம். எழுதாததை என்ன செய்வது? ஆட்சி மாறியது, எங்கள் மன்றத்துக் கொடிக்கம்பத்தில் கொடி மாறியது, எங்களுக்கு மனைப்பட்டாகூட வந்தது. திரும்புகிற இடம் மட்டும் மாறவில்லை.

பெரிய தெருவுக்குள் நாங்கள் போனதே இல்லையா என்றால், தினமும் போகிறோம். கொல்லை வழியாக. களத்துக்குப் போக, கூலி வாங்க, மாட்டுக்கு வைக்கோல் போட — எல்லாம் பின்பக்கம். நான் பள்ளிக்கூடம் போனதும் அந்தக் கொல்லைச் சந்தில்தான். நேராகத் தெருவில் நடந்தால் ஐந்து நிமிஷம். சந்தைச் சுற்றிக்கொண்டு போனால் கால்மணி. முதல் பீரியடுக்குத் தாமதம் என்று வாங்கிய பிரம்படிகளால் அந்தத் தெருவின் மேல் எனக்கு ஒரு பாத்தியதை உண்டு.

போன வருஷம் இதே மாதிரி ஒரு கூட்டத்தில்தான் மாரியம்மாள் அக்கா அதைச் சொன்னார்.

"இருவது வருஷமா அந்தத் தெருவுல வேலை பாக்குறேன் தம்பி. எந்த வீட்டுக் கொல்லையில எத்தனை தென்னை நிக்கிதுன்னு கேளு, சொல்றேன். எந்த வீட்டு வாசல் எப்படி இருக்கும்னு கேட்டா... தெரியாது. ஒரு தடவை முன்பக்கமா பாக்கணும்."

பெரிய கொள்கை முழக்கம் ஒன்றும் இல்லை. ஒரு தடவை முன்பக்கமாகப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கவில்லை. காவல் நிலையத்துக்கு மனு எழுதினேன். 'மேற்படி ஊர்வலம் பெரிய தெரு வழியாகச் செல்ல' என்று அதில் குறிப்பிட்டேன். அனுமதி வந்தது. கூடவே ஒரு கான்ஸ்டபிளும் வந்தார்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு செட், செல்வராசு வயிற்றில் பெரிய டிரம். நடுவில் மாட்டு வண்டியில் காஜா பாயும் அவருடைய மைக் செட்டும். அதற்குப் பின்னால் இளைஞர்கள். கடைசியில் பெண்கள், அவர்களுக்கு முன்னால் மாரியம்மாள் அக்கா. காணும் பொங்கல் சேலை, காலில் செருப்பு, கையில் மன்றத்துக் கொடி.

மதகு வந்தது.

பேண்டு செட் திரும்பிவிட்டது!

பயந்து அல்ல. யோசித்தும் அல்ல. வருஷா வருஷம் திரும்பிய கால்கள்... தாளம் தப்பாமல், அழகாக, ஒரு வட்டம் அடித்து, வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டன. செல்வராசு டிரம்மை அடித்துக்கொண்டே எதிரில் வருகிறார். அவர் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. வண்டி மாடுகளும் அவரைப் பார்த்துத் திரும்பப் பார்க்கின்றன. அனுமதிக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் மதகடியில் நிற்கிறேன்.

கடைசியிலிருந்து மாரியம்மாள் அக்காவின் குரல் கேட்டது.

"ஏலே செல்வராசு! எங்கடா போற? தெரு அங்க இருக்கு, நீ ஒங்க ஆத்தா வீட்டுக்குப் போறியே!"

பெண்கள் நிற்கவில்லை. திரும்பி வருகிற பேண்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வண்டியைத் தாண்டி, நேராக மதகில் ஏறிவிட்டார்கள். கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். செல்வராசு நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி ஒரு வட்டம் அடித்தார். ஆக, கடைசியில் வந்தவர்கள் முதலில் போனார்கள். எங்கள் ஊர் வரலாற்றில் பெரிய தெருவுக்குள் கொட்டுமுழக்கோடு முதல் காலை எடுத்து வைத்தது — நடவுப் பெண்கள்.

தெருவில் ஓர் ஆள் இல்லை.

கல் விழவில்லை, கம்பு வரவில்லை. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. இரண்டு பக்கமும், ஒரு வீடு விடாமல். பகல் வெளிச்சத்தில், பொங்கல் கோலம் கலையாத வாசல்களில், சாத்திய கதவுகள். மாரியம்மாள் அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். "பித்தளைக் குமிழ் போட்டிருக்காங்கடி," என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "நல்ல தேக்கு."

அப்போதுதான் அந்தக் கதவு. இடது பக்கம், பவழமல்லி மரம் நிற்கிற வீடு. அதன் கதவு மட்டும் ஒரு கை நுழைகிற அளவுக்கு நீங்கியிருந்தது. உள்ளே யாரோ நின்ற மாதிரி ஒரு நிழல். நின்று பார்க்க முடியுமா? பின்னால் பேண்டு தள்ளிக்கொண்டு வருகிறது. தாண்டிவிட்டோம். நான் திரும்பிப் பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது.

பொங்கல் முடிந்து சம்பா அறுப்பு தொடங்கியது. ஒரு காலையில் எங்கள் ஆட்கள் அரிவாளோடு போனால், வயலில் வேறு ஆட்கள். டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்த வெளியூர் ஆட்கள். எங்களிடம் யாரும் ஒரு கோபமான வார்த்தை பேசவில்லை. "ஆள் போதும்" — இரண்டே சொல். காரணத்தைச் சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. பக்கத்து ஊர்களுக்கு அலைந்து கொஞ்சம் வேலை பிடித்தோம்; வழக்கமாக வீட்டுக்கு வரும் கூலி நெல் வரவில்லை. செல்வராசு அலையவில்லை. டிரம்மைக் கொட்டகையில் இறக்கி வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

சரி, இவ்வளவு நடந்த பிறகு எங்கள் தெரு ஒரு வருஷமாக எதைப் பற்றிப் பேசியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? போன வேலையைப் பற்றியா? வெளியூர் ஆட்களைப் பற்றியா?

இல்லை. அந்தக் கதவைப் பற்றி!

அது திறந்துகொண்டிருந்ததா, சாத்திக்கொண்டிருந்ததா?

டீக்கடையில் இதற்கு இரண்டு கட்சி. திறப்புக் கட்சி சொல்கிறது: எல்லாரும் முன்னாலேயே சாத்திவிட்டார்கள், இவர்கள் மட்டும் நாம் வந்த பிறகு எதற்குத் தொட வேண்டும்? பார்க்கத்தான் திறந்தார்கள். சாத்துக் கட்சி சொல்கிறது: போடா, மற்றவர்கள் சீக்கிரம் சாத்தினார்கள், இவர்கள் லேட். அவ்வளவுதான். பூனை தள்ளியிருக்கும் என்று மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. அதில் உறுப்பினர் குறைவு.

உயரத்தில் இருந்த ஒரே சாட்சி காஜா பாய். வண்டி மேல் உட்கார்ந்திருந்தவர்.

"பாய், நீங்க மேல இருந்தீங்கள்ல. உள்ள யாரு நின்னது? கை தாழ்ப்பாள்ல இருந்துச்சா, நிலையில இருந்துச்சா?"

"அல்லா மேல ஆணையா நான் பாக்கலப்பா. அந்த எடத்துலதான் ரெக்கார்டு முடிஞ்சு போச்சு. குனிஞ்சு மாத்திக்கிட்டு இருந்தேன்."

"ஒரு பாட்டு கொஞ்சம் நீளமா இருந்திருக்கக் கூடாதா பாய்!"

அந்த வீட்டிலேயே கேட்டுவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் மாரியம்மாள் அக்காவிடம் சொன்னேன். அந்த வீட்டுக் களத்தில் நெல் தூற்றுகிறவர் அவர்தானே. அறுப்புக்குத்தான் வெளியூர் ஆள். சாணி அள்ளவும் நெல் தூற்றவும் மறு மாசமே கூப்பிட்டுவிட்டார்கள்; பிறகு குறுவை அறுப்புக்கும் எங்கள் ஆட்களையே கூப்பிட்டார்கள்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"கொல்லையில நின்னுக்கிட்டு வாசலைப் பத்தி எப்படித் தம்பி கேக்குறது?"



மயிலாடுதுறையில் நான் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நடக்கிறேன். தேரோடும் வீதியில் நடுவில் நடக்கிறேன். யாரும் கேட்பதில்லை. ஆனால் அங்கே நடப்பதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. கால் வேறு ஒரு தெருவைத்தான் கேட்கிறது. எனக்கு ஒன்று தோன்றுகிறது... சாத்திய கதவோடு மனிதன் காலம் முழுவதும் இருந்துவிடுவான். பழகிவிடும். ஒரு கை அளவு திறந்த கதவு இருக்கிறதே, அதுதான் சோறு இறங்க விடாது.

கூட்டத்துக்கு வருகிறேன்.

கோவிந்தராசு அண்ணன் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர். ஒரு சிறு குத்தகை நிலம், கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்கள். "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்த வருஷம் மதகோட திரும்பிடுவோம். சம்பா கருது சாஞ்சு நிக்கிது. மறுபடியும் டிராக்டர் வந்தா என்ன பண்றது? போன வருஷம்தான் ஒரு தடவை போயிட்டோம்ல, அது போதும்."

"போதும்னா? ஊட்டிக்கு டூர் போயிட்டு வந்த மாதிரி சொல்றீங்களேண்ணே!" என்றான் ஓர் இளைஞன்.

"நீ பேசுவடா. ஒனக்குப் பொண்டாட்டியா புள்ளையா? உலை வைக்கிறவளுக்குல்ல தெரியும்."

அண்ணன் சொன்னதில் தப்பு இல்லை.  எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்வது? மாதா மாதம் சம்பளம் வாங்குகிறவன், அடுத்தவர் கூலியை வைத்து வீரம் பேசலாமா? பேனாவை மூடினேன். மதகோடு திரும்புவது என்று எழுதிவிட வேண்டியதுதான்... மனசு அந்தப் பவழமல்லி மரத்தடியிலேயே நின்றது.

"செயலாளரு ஏன் பேனாவ மூடுறாரு?" என்று கேட்டார் மாரியம்மாள் அக்கா. பிறகு தலைவரிடம் திரும்பினார். "உலை வைக்கிறவளுக்குத்தான் தெரியும்னீங்களே... உலை வைக்கிறவங்கதான் பேசுறோம். ஐப்பசியில குறுவை அறுத்த கூலியை நாங்க முழுசாத் திங்கல அண்ணே."

"பின்ன?"

"வீட்டுக்கு வீடு நெல்லா எடுத்து வச்சிருக்கோம். மரக்கா மரக்காலா. வாயைக் கட்டி, வயித்தைக் கட்டி. ஒங்க வீட்டு அண்ணியும் வச்சிருக்கு. அடுக்குப் பானைக்குப் பின்னால. நீங்க பாக்கல."

கொட்டகையில் ஒரு சிரிப்பு. கோவிந்தராசு அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. 

"என் பொண்டாட்டியுமா?"

"ஆமாண்ணே. அது திறப்புக் கட்சி."

அண்ணன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப எழுதுங்க தம்பி. பெரிய தெரு வழியா. பேண்டு பின்னால வரட்டும், பொம்பளைங்க முன்னால போவட்டும். அவங்களுக்குத்தான் திரும்பத் தெரியாது. ஏ பாய், அந்த வீட்டுக்கிட்ட மட்டும் ரெக்கார்ட மாத்தாதீங்க. மேலயே கண்ணை வச்சுக்குங்க."

"இன்ஷா அல்லா, மாத்த மாட்டேன்," என்றார் காஜா பாய்.

தீர்மானம் எழுதினேன். திருப்பூருக்கு ஒரு கார்டு போடுவது என்றும் எழுதினேன். எங்கள் மன்ற வழக்கப்படி உத்தேசச் செலவையும் எழுதிப் படிக்க வேண்டும். பெரிய டிரம்முக்குத் தோல் மாற்ற, மைக் செட் வாடகைக்கு, வண்டி மாட்டுக்கு, எவர்சில்வர் டம்ளருக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.

"தெருவுக்கு?" என்று கேட்டேன்.

"போன தடவை ஆனதுதான் தம்பி," என்றார் மாரியம்மாள் அக்கா. "ஆளுக்கு ஒரு மூட்டை நெல்லு."