கதவருகே ஒரு பாய்

தனபாக்கியம் டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் ஐந்து வருஷம் படுத்து எழுந்தவள். இப்போது ஜாதவ்பூரில், வீடற்ற பெண்களுக்கான காப்பகத்தில் வேலை பார்க்கிறாள்.

ஒரு மதியம், கரக்பூரிலிருந்து வந்து தெருவோடு தங்கிவிட்ட விஜயராணியை அங்கே கூட்டிவந்தாள். நிர்வாகி சுமித்ரா அவள் கையிலிருந்த மூட்டையை அலமாரியில் வைக்கச் சொன்னதும், விஜயராணி அதை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

தனபாக்கியம் பின்னாலேயே போனாள். "மூட்டைய யாரும் தொட மாட்டாங்க. நீயே வெச்சுக்க."

"கதவச் சாத்திடுவீங்களா?"

தனபாக்கியத்துக்குப் புரிந்தது. இங்கே வந்த புதிதில், கதவைச் சாத்தினால் அவளுக்கும் மூச்சு முட்டும். ஓட வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள்.

"தெறந்தே கெடக்கட்டும். நான் வாசல்ல உக்காந்துக்கறேன்."

"தீதி, இன்னைக்கு மட்டும் அவ இஷ்டத்துக்கு விட்டுடுங்க" என்று சுமித்ராவிடம் வங்காள மொழியில் கேட்டுக்கொண்டு, கதவருகே பாயை விரித்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து புடலங்காய் நறுக்கத் தொடங்கினாள். விஜயராணி மூட்டையோடு வந்து பாயில் படுத்து, கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்து திறந்து பார்த்தாள். அப்புறம் அயர்ந்து தூங்கிப்போனாள். உள்ளே வரப் பார்த்தவர்களைச் சுற்றிக்கொண்டு போகும்படி தனபாக்கியம் கை காட்டினாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில்தான் விஜயராணி எழுந்தாள்.

"அக்கா, குளிக்கத் தண்ணி இருக்கா?"

தனபாக்கியத்துக்கு மனசு லேசானது. வாளியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.