ஐம்பத்தெட்டு கிலோ

மலேசியாவில், ஈப்போ நகரத்து ஹோட்டல் அறை ஒன்றில் குளிரில் எங்களை உட்காரவைத்து, டை கட்டிய ஒருவர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். புதியவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததால் உங்களுக்குக் கிடைத்த மூன்று நன்மைகளை எழுதுங்கள் என்றார். பதிலையும் அவரே திரையில் போட்டிருந்தார். தலைமைப் பண்பு வளரும். பேச்சுத் திறன் வளரும். பதவி உயர்வு சீக்கிரம் வரும். பக்கத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்து அப்படியே எழுதினார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தலைமைப் பண்பாம். எனக்குக் கிடைத்ததை எழுதியிருந்தால் அந்த மனிதருக்கு மதியச் சோறு இறங்கியிருக்காது. தாளை வெறுமனே மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று எழுதாததை இப்போது எழுதுகிறேன்.

நான் ஆயர் தாவார் பக்கம் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் தாதி. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கிய தண்ணீரை இறக்கி அனுப்பும் வேலை. ஆளுக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நான் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தபோது, நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, புதிதாக ஒரு பயிற்சி உதவியாளர் வருகிறார், மூன்று மாதம் உன்னோடுதான் என்றார். எனக்கே நாக்குத் தள்ளுகிறது, இதில் இன்னொருத்தரையும் கட்டி இழுக்கணுமா என்று கேட்டேன்.

"சீனியருங்களுக்கு எங்க நேரம் இருக்கு? நீதான்லா பாக்கணும்," என்றார்.

வந்தவருக்கு வயது முப்பத்தெட்டு. எனக்கு இருபத்தாறு. பத்து வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் கிழடுகளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, துணி மாற்றியவர். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை மிஸ்ஸி என்றார். இங்கே தாதிகளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரிடம் ஒரே ஒரு தொல்லை இருந்தது. கேள்வி. "இது எதுக்கு மிஸ்ஸி?" "அது ஏன் மிஸ்ஸி அப்படி?" ஊசியைப் பிரித்தால் கேள்வி, பஞ்சை எடுத்தால் கேள்வி. பதில் தெரிந்தவரை நல்ல பிள்ளையாகச் சொன்னேன். பாதிக் கேள்விகளுக்கு "இங்க அப்படித்தான்க்கா" என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. தெரியாது என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. உண்மையில் எனக்கு எரிச்சல் அவர்மேல் இல்லை, ஆனால் அப்போது அவர்மேல்தான் காட்டினேன்.

மூன்றாவது நாற்காலிக்கு ஒரு அங்கிள் வருவார். ரப்பர்த் தோட்டத்தில் பாலுக்காக மரம் சீவியவர். தோட்டம் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியதும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜாகாவாக, காவலுக்கு, வாசலில் உட்கார்ந்தவர். எங்களிடம் வந்த முதல் மாதத்திலேயே, பக்கத்துக் கடையில் பெரிய கிளாஸில் தே ஓ ஐஸ், பால் இல்லாத ஐஸ் டீ, குடித்துக்கொண்டிருந்தபோது நான் அவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். இந்த நோயாளிகள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். சிறுநீர் நின்றுவிட்ட உடம்பு, குடித்தது வெளியே போக வழி இல்லை. "சொன்னால் கேட்பதில்லை, தண்ணீர் குடிக்கிறார்" என்று அவருடைய கோப்பில் எழுதினேன். எழுதியது நான்தான், என் கையெழுத்துதான்.

அவ்வளவுதான், முத்திரை குத்தியாயிற்று. அதற்குப் பிறகு அவருக்குக் கால் வீங்கினால் தண்ணீர் குடித்திருக்கிறார். ரத்த அழுத்தம் ஏறினால் தண்ணீர் குடித்திருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, நாற்காலியில் உட்கார்ந்துதான் தூங்குகிறேன் என்றாலும் தண்ணீர் குடித்திருக்கிறார். நான் சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளையாக எல்லாத் தாதிகளும் அதையே சொன்னார்கள். மாதம் ஒருமுறை வரும் டாக்டர் எங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, குறைச்சுக் குடிங்க என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போவார்.

"நான் குடிக்கல மிஸ்ஸி," என்பார் அங்கிள்.

"குடிக்காம எப்படி வீங்கும்?"

ஒருநாள் அவர் மெதுவாகச் சொன்னார். "தோட்டத்துல இருந்தப்ப கணக்கு எழுதுற கிராணி, ரப்பர் பால்ல தண்ணி கலந்துட்டேன்னு சொல்லுவாரு. இங்க நீங்க வயித்துல கலந்துட்டேன்னு சொல்றீங்க." நான் சிரித்தேன். சிரித்தது மட்டும் இல்லை, அவர் மனைவியை நிலையத்துக்கு வரவழைத்து, "உங்க வீட்டுக்காரர் திருட்டுத்தனமா குடிக்கிறாரு ஆன்ட்டி, நீங்கதான் கவனிக்கணும்," என்றும் சொன்னேன். பள்ளிக் கேன்டீனில் பாத்திரம் கழுவும் அம்மா அது. நான் பேசப் பேச, டாக்டர் பேசுவதைக் கேட்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். எடை பார்ப்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு எடை உண்டுக்கா, தேங்கின தண்ணி எல்லாம் இறங்கினபிறகு உடம்பு நிற்க வேண்டிய எடை அது, வரும்போது அதற்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு தண்ணீரை எடுப்போம், அங்கிளுக்கு ஐம்பத்தெட்டு கிலோ என்றேன்.

"அந்த அம்பத்தெட்ட யாரு சொன்னா மிஸ்ஸி?"

"டாக்டர்."

"எப்ப?"

"அங்கிள் இங்க சேந்தப்ப."

"அது போன வருசம்லா," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் அடுத்ததைக் கேட்டார். "பக்கத்து நாற்காலி சீனக் கடை தவுக்கே ஒவ்வொரு தடவயும் மூணு கிலோ ஏத்திக்கிட்டு வாராரு. அங்கிளு ஒண்ணு, மிஞ்சிப்போனா ஒண்ணே கால். தண்ணி குடிச்சா எடை ஏறணும்தானே? அவரு குடிச்ச தண்ணி எங்க போச்சு மிஸ்ஸி?"

 பதில் தெரியாதபோது மனிதர்கள் செய்வதையே நானும் செய்தேன்.

"நேத்து வந்தவங்க நீங்க. கத்துக்க வந்தா கத்துக்குங்க. டாக்டருக்குப் படிச்ச மாதிரி பேசாதீங்க," என்றேன். எட்டு நாற்காலிக்கும் கேட்டது. அக்கா, சரி மிஸ்ஸி என்று சொல்லிவிட்டுத் துடைக்கப் போனார்.

இரண்டு நாள் கழித்து அங்கிள் எடை பார்க்க ஏறினார். அக்கா தராசைப் பார்க்கவில்லை, அவர் இடுப்பைப் பார்த்தார். பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நான்கு.

"என்ன அங்கிள், இத்தன ஓட்ட?"

"கால்சட்ட நிக்க மாட்டேங்குதும்மா. சோறு எறங்கல, ஒடம்பு கரைஞ்சு போச்சு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னும் நாலு திட்டியிருப்பேன். அவர் எடையை எழுதிவிட்டு அங்கிளை நாற்காலிக்கு அழைத்துப்போனார்.

அவர் நினைப்பது தப்பு என்று காட்டத்தான் நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு எண்ணும் நாங்கள் எழுதியது, பாதி என் கையெழுத்து. மாதக் கணக்கில் அவர் ஒன்றே கால் கிலோவுக்கு மேல் ஏறி வந்ததே இல்லை. அந்த ஐஸ் டீயோடு சரி, அதற்குப் பிறகு அந்த ஆள் அளவு மீறிக் குடிக்கவில்லை. சதை கரைந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொண்டது. தராசு மட்டும் அதே ஐம்பத்தெட்டைக் காட்டியது, நாங்களும் சரியாகத்தான் இருக்கிறது என்று இயந்திரத்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினோம். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று கிலோ தண்ணீரை நெஞ்சிலும் காலிலும் சுமந்துகொண்டு போன மனிதரைப் பார்த்து, திருடன் என்று சொன்னேன்.

இது கல்லூரியில் படித்த பாடம்தான். உடம்பு மெலிந்தால் அந்த எடையை மாற்ற வேண்டும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். வாங்கி என்ன கிழித்தேன்? இரண்டே வருடத்தில் செக்குமாடு ஆகிவிட்டேன். டாக்டர் கேட்கவில்லை, சிஸ்டர் கேட்கவில்லை, சீனியர்கள் கேட்கவில்லை. ஒன்றும் தெரியாமல் வந்தவருக்கு மட்டும்தான் கேட்கத் தோன்றியது, ஏனென்றால் அவருக்கு அந்த எண் இன்னும் பழகவில்லை. அவருக்குப் புரியும்படி நான் வாயைத் திறந்து சொன்னபோதுதான், நானே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது என் காதில் விழுந்தது. கற்றுக்கொடுப்பவருக்குக் கிடைப்பது இதுதான், வேறு எதுவும் இல்லை. அதுவும் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கிடைக்க வேண்டும். இருபது வருடம் கழித்து அவர் வந்திருந்தால், நான் சிஸ்டராகியிருப்பேன், கேள்வி கேட்டதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அதற்குள் எத்தனை பேருக்கு மூச்சு முட்டியிருக்குமோ.

அன்றே டாக்டருக்குப் போன் செய்தேன். அரை அரை கிலோவாக இறக்கினோம். ஐம்பத்தைந்துக்கு வந்தபோது காலில் வீக்கம் இல்லை. அங்கிள் உள்ளே வந்ததும் சொன்னார்.

"கட்டில்ல படுத்துத் தூங்கினேன் மிஸ்ஸி. மல்லாந்து."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை ஆட்டி அதை ஒதுக்கிவிட்டு, "வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்குது," என்றார்.

அவரை அழைத்துப்போக மனைவி வந்தபோது வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். அங்கிள் குடிக்கவே இல்லை ஆன்ட்டி, நாங்கதான் சரியாகப் பார்க்கவில்லை, தப்பு என்னுடையது.  அந்த அம்மா ஐஸ்பெட்டிக்குப் பூட்டுப் போட்டதைச் சொன்னார். அவர் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று, வாயில் தண்ணீர் போகும் சத்தம் கேட்கிறதா என்று காது வைத்ததைச் சொன்னார்.

"மக கல்யாணத்துல, சம்பந்தி வீட்டு ஆளுங்க முன்னால, அவரு கையில இருந்த கிளாஸ புடுங்கிக் கீழ ஊத்துனேன் மிஸ்ஸி. இந்த ஆளுக்கு வெக்கம் இல்லன்னு சொன்னேன். நீங்க சொன்னீங்கன்னுதானே செஞ்சேன்."

"நான் என்ன செய்யணும் ஆன்ட்டி?"

"அவங்க வீட்டுக்கு வந்து சொல்லுங்க. நான் சொன்னா, புருசனுக்குப் பூசி மெழுகுறேன்னு நெனைப்பாங்க."

சம்பந்தி வீடு சிலிம் ரிவரில். ஞாயிற்றுக்கிழமை போனேன். அக்காவும் கூட வந்தார். அவர் வர வேண்டிய அவசியமே இல்லை, தப்பு செய்தவள் நான், ஆனாலும் காடி ஓட்டியது அவர்தான். மகள், மருமகன், சம்பந்தி இருவர், அங்கிள், ஆன்ட்டி எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருக்க, நான் நின்றுகொண்டு சொன்னேன். இவர் குடிக்கவில்லை. எடையை நாங்கள் பார்க்கவில்லை. பார்க்காமல் பழியை இவர்மேல் போட்டது நான். மகள் அழுதாள். சம்பந்திக்காரர், சரி விடுங்கம்மா, நடந்தது நடந்துபோச்சு என்றார். என்னால் விட முடியவில்லை, அப்படிச் சுலபமாக விடுகிறார்களே என்று அதற்கும் கோபம் வந்தது.

சம்பந்தி அம்மா தட்டில் சிரப் தண்ணீர் கொண்டுவந்து முதல் கிளாஸை அங்கிளிடம் நீட்டினார். அவர் வாங்கினார். குடிக்கவில்லை. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"குடிக்கலாமா மிஸ்ஸி?"

அறுபத்து மூன்று வயது மனிதர். நான் மன்னிப்புக் கேட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"குடிங்க அங்கிள்," என்றேன்.

அதற்குப் பிறகும் மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார்.