ஐலா கழுவாத தொட்டி

ஐலா மோசம் போயிட்டா, உயிர் போட்டுது என்று கடையில் என்னோடு வேலை செய்த ரஞ்சி அக்கா போனில் சொன்னபோது லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். அழுகைக்கு முன் பயம்தான் வந்தது. அவர் இருக்கும்போதே நான் எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு.

அவருடைய பின்லாந்துச் சாப்பாட்டுக் கடையில் இதை வாசிக்கிற உங்களில் பலர் சாப்பிட்டிருக்கிறீர்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் மெனு கொடுக்கமாட்டார். முதலில் ரை தானிய மாவில் சுட்ட கறுத்த பாணும் வெண்ணெயும். பிறகு சால்மன் சூப். பிறகு உள்ளே சோறு வைத்துச் சுட்ட கரேலியப் பை என்கிற பலகாரம், மேலே முட்டையும் வெண்ணெயும் மசித்தது. கடைசியில் உப்புப் போட்ட கறுப்பு இனிப்பு. அதை வாயில் போட்டவரின் முகத்தையே பார்த்து நிற்பார். "பாண் பிழைச்சா மற்ற ஒண்டையும் நம்பாதே" என்பார்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது கிழமை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷ் போதாதென்று இரண்டு இடங்களில் நிறுத்திவிட்டார்கள். இதுவும் போனால் வேறு வழியில்லை. நல்ல பெயர் எடுக்க வேண்டுமென்று, பாண் மா குழைக்கிற மரத்தொட்டியை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தேன். உள்ளே காய்ந்து ஒட்டியிருந்ததெல்லாம் போய்விட்டது.

ரஞ்சி அக்கா கண்டுவிட்டு அப்படியே நின்றார்.

"உனக்கு ஆரடி அதைக் கழுவச் சொன்னது? அது ஐலாவின்ரை அம்மாவின்ரை தொட்டி. ஒட்டியிருக்கிற பழைய மாதான் அடுத்த பாணைப் புளிக்க வைக்கிறது. ஒருநாளும் கழுவுறேல்லை. நாளையிலிருந்து வீட்டிலை இருந்து உன்ரை சட்டியைக் கழுவு."

ஐலா வந்து தொட்டிக்குள் குனிந்து மணந்து பார்த்தார். விரலால் தடவினார். என்னை ஒருமுறை பார்த்தார். மாவை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து ஊற்றி மூடினார். அடுத்த மூன்று நாளும் மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். தோசை மா பொங்குவதைப் பார்த்துப் பழகின எனக்கு, அந்த ஒன்றிரண்டு குமிழி போதாதென்று தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை பின்லாந்திலிருந்து அவருடைய அண்ணன் சிநேகிதர்களோடு வந்தார். பாணைக் கடித்தவர் மெல்லாமல் நிறுத்தினார். தொட்டியைக் காட்டி ஏதோ கேட்டார். பாஷை தெரியாமலே எனக்கு விளங்கியது. தட்டோடு நின்றேன். ஐலா இங்கிலீஷில் பதில் சொன்னார், எனக்கும் கேட்கட்டும் என்றுதான்.

"நான்தான் கழுவினனான். மறந்துபோனன்."

அண்ணன் கத்தினார். சாப்பிட வந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐலா சூப்பை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். "அவன் கத்திப்போட்டுப் போயிடுவான். உனக்கு நாளைக்கும் வேலை இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனை வருடம், தாயின் தொட்டியைக் கழுவினவ என்று நீங்களும் அவரைப் பகிடி பண்ணினீர்கள். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

நேற்று என் மகளை இருத்தி, தொட்டியைக் கழுவியது நான்தான் என்று ஐலாவின் அண்ணனுக்கு, நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதுவித்தேன். பதில் இன்னும் இல்லை. செத்தவீட்டில் அந்த அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்கும் பயம்தான். ஆனாலும் போவேன். ஐலாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தப் பழியை. அவர் சுமந்தது போதும்.