சந்தனம் காய்ந்த பெட்டி

எங்கள் அத்தை எதற்கும் அடம்பிடித்து நான் பார்த்ததில்லை. குழம்பில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிற ரகம். அப்படிப்பட்டவர் ஒரு பழைய கம்ப்யூட்டரின் தகரப் பெட்டிக்காக என் அப்பாவையும் சித்தப்பாவையும் எதிர்த்து நின்றார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அத்தையின் வீட்டுக்காரர், எனக்கு மாமா, டி.டி.பி. கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் தயாராகும். மாமா படமும் பூவும் வைத்து அழகு பார்ப்பார். எழுத்து முழுக்க அத்தைதான் டைப் அடிப்பார். ஒரு வருசம் ஆயுத பூசை முடிந்த சில வாரங்களில் மாமா நெஞ்சுவலியில் போய்விட்டார். ஊரில் யார் செத்தாலும் அஞ்சலி அடித்துக் கொடுத்தவருக்கு அஞ்சலி வேறு கடையில் அடித்தார்கள். அந்த மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த கடை ஒழுகி, கம்ப்யூட்டர் பின்பக்கமாக நனைந்து செத்துப்போனது.

வருசத் திதி வரைக்கும் அத்தை எங்கள் வீட்டில் இருந்தார். திதி முடிந்த கையோடு, கடையைத் தானே நடத்தப் போவதாகச் சொன்னார். அப்பாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. தங்கச்சி பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பது அவர் கவலை. கடையின் சொந்தக்காரர் வேறு, தை பிறந்தால் செல்போன் கடைக்கு விட்டுவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"தை பொறக்கறதுக்குள்ள அந்த மிஷினு ஓடுச்சுன்னா கடையத் தெற. ஓடலையா, சாவியக் குடுத்துட்டு இங்கிட்டே இருந்துரு" என்றார் அப்பா. அது ஓடாது என்ற நம்பிக்கையில்தான் அப்படிச் சொன்னார்.

சித்தப்பா குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். லீவில் வந்திருந்தார். கரண்டில் ஓடும் எதையும் கழற்றிவிடுவார், திரும்பப் பூட்டும்போதுதான் சிக்கல் வரும். எங்கள் வீட்டு மிக்ஸி அதற்குச் சாட்சி. ஆனால் அக்காவுக்கென்று வந்தபோது மனுசன் விளையாடவில்லை. திருச்சிக்கு பஸ் ஏறிப் போய் பழைய சாமான் கடைகளில் தேடி, மதர்போர்டு, பவர் சப்ளை, ஹார்டு டிஸ்க் என்று ஒவ்வொன்றாக வாங்கி வந்தார். எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி வைத்து ரேமைச் செருகினால் விடாமல் பீப் பீப்பென்று அலறியது. என் பள்ளிக்கூடப் பையிலிருந்து ரப்பரை எடுத்து, ரேமின் பித்தளை நிறப் பற்களைத் தேய் தேய் என்று தேய்த்தார். அதற்கப்புறம் ஒரே ஒரு பீப்தான் கேட்டது. திரையில் எழுத்து ஓடியது. நான் கைதட்டினேன். அத்தை தட்டவில்லை. கழற்றிப் போட்ட பழைய பாகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் தகராறு. புது மதர்போர்டின் துளைகள் பழைய பெட்டியோடு பொருந்தவில்லை.

"பொட்டி துருப்புடிச்சுப் போச்சுக்கா. புதுசு ஒன்னு வாங்கிருவோம்."

"உள்ள என்னத்த வேணாலும் மாத்துப்பா. பொட்டிய மாத்தாத."

"தகரத்துல என்ன இருக்கு?" என்று அப்பா குறுக்கே வந்தார்.

"எனக்கு இருக்குண்ணே" என்றார் அத்தை. அவ்வளவுதான் சொன்னார்.

பெட்டியின் முகப்பில், பட்டனுக்கு மேலே, கடைசி ஆயுத பூசைக்கு மாமா வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் குங்குமம் கறுத்துக் கிடந்தது. மழை அந்தப் பக்கம் படவில்லை. அதைப் பார்த்த பிறகு சித்தப்பா புதுப் பெட்டிப் பேச்சை விட்டுவிட்டார். முகப்பை மட்டும் பதனமாகக் கழற்றிப் பழந்துணியில் சுற்றி வைத்தார். பெட்டிக்குள் புதிதாகத் துளை போட்டார், ஓரத்தை அரத்தால் ராவினார், கையை இரண்டு இடத்தில் கிழித்துக்கொண்டார். பூட்டி முடித்தபோது அந்த முகப்பையும் தகரத்தையும் தவிர மாமா தொட்டது எதுவும் அதில் மிச்சமில்லை.

தை பிறப்பதற்கு முன்னாலேயே மிஷின் ஓடிவிட்டது. அப்பாவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தை மாதம் நல்ல நாள் பார்த்துக் கடையைத் திறந்தோம். புதிதாகத் தொடங்கும்போது மிஷினுக்குப் பொட்டு வைத்துத்தானே ஆக வேண்டும்? அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, பழைய கறையைத் துடைக்க ஈரத்துணியை நீட்டினாள். அத்தை துணியை மெல்ல வாங்கி மேசையை மட்டும் துடைத்தார். புருசன் போன அத்தை அந்த மாதிரி காரியத்தில் கைவைக்க மாட்டார் என்று எல்லோருமே நினைத்துக்கொண்டிருந்தோம். அம்மா கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "நீ வையி பாப்பா" என்றாள்.

நான் கையை நீட்டுவதற்குள் அத்தை விரலைச் சந்தனத்தில் தோய்த்துவிட்டார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தோள் துண்டை இழுத்துக் கையில் எடுத்தார். அத்தை நிதானமாக, மாமா வைத்திருந்த பொட்டு மறையாமல், அதன் மேலேயே தன் விரலை வைத்து எடுத்தார். பிறகு குங்குமத்தையும் வைத்தார். பட்டனை அமுக்கியதும் ஒரே ஒரு பீப் கேட்டது.

எனக்கோ அத்தை தப்பாக வைத்துவிட்டதாகத்தான் பட்டது.

"அயித்தை, பழசு மேலயே வச்சுட்டீங்க. பக்கத்துல எவ்வளவு எடமிருக்கு!"

"கை அங்கிட்டுதான் போகுது, ஆத்தா" என்று சொல்லிவிட்டு அத்தை மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்பா விருட்டென்று கடையை விட்டு வெளியே போய், முதுகைக் காட்டியபடி ரோட்டைப் பார்த்து நின்றார். துண்டால் முகத்தை முகத்தைத் துடைத்தார். புதுக்கோட்டை பஸ் வருகிறதா என்று பார்க்கிறார் என்றே நான் நினைத்தேன். வந்த பஸ்ஸும் போய்விட்டது. அப்பா திரும்பவே இல்லை.